பழைய எஸ்யுவி இழுக்க மாட்டேன் என்கிறதா? பணம் எடுக்கும் முன் செய்து பார்க்க வேண்டியவை

"வண்டியில பிக்கப் இல்லண்ணே" என்று வொர்க்‌ஷாப்பில் போய் நின்றால், அவர்கள் எதையாவது மாற்றித்தான் ஆக வேண்டும். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று தனித்தனி நோய்கள் ஒளிந்திருக்கின்றன. எஞ்சினே வலு கொடுக்காமல் இருக்கலாம். எஞ்சின் கொடுக்கும் வலு சக்கரம்வரை போய்ச் சேராமல் இருக்கலாம். சேர்ந்தும், சக்கரத்தை ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு, செலவும் வேறு. எந்த நோய் என்று தெரியாமல் உதிரிபாகம் வாங்கினால் பணம் போகும், வண்டி அப்படியேதான் இருக்கும்.

எனக்கு அது நடந்தது. பத்து ஆண்டு முடிந்து சிஓஇ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்த 2.4 லிட்டர் ஜப்பானிய எஸ்யுவி, ஓடோமீட்டரில் 230,000 கிலோமீட்டர். பினாங்குக்குக் குடும்பத்தோடு போகும்போது, ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கத்துக்கு ஏறும் மலைப்பாதையில் ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதித்தும் வேகம் 70-ஐத் தாண்டவில்லை. பின்னால் வந்த லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது. பின் இருக்கையில் அம்மா, இரண்டு பிள்ளைகள். அந்தப் பயத்தில் சிங்கப்பூர் திரும்பியதும் கேள்வி கேட்காமல் பணம் செலவழித்தேன். முதலில் ஸ்பார்க் பிளக்கும் அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயிலும், அடுத்து பெட்ரோலை அனுப்பும் ஃபியூவல் பம்ப். எதுவும் மாறவில்லை. கடைசியில் ஒரு வொர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸ் போய்விட்டது, இறக்க வேண்டும் என்றார்கள். அதற்கும் தலையாட்டப் போனேன். கியர்பாக்ஸில் ஒரு குறையும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பழைய எஸ்யுவியைப் புதிதாக வாங்கியவர்கள், கையில் கிரீஸ் பட்டே பழக்கம் இல்லாதவர்கள், நான் செய்ததைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வரிசை முக்கியம். காசு செலவில்லாத சோதனைகள் முதலில், வண்டியைப் பிரிக்க வேண்டியவை கடைசியில்.

படி 1: நோயை வார்த்தையில் எழுதுங்கள்

ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டுங்கள். ஒவ்வொரு முறை மந்தமாகத் தோன்றும்போதும் இவற்றைக் கவனித்து, வண்டி நின்ற பிறகு எழுதி வையுங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? சிக்னலில் இருந்து கிளம்பும்போதா, 60-லிருந்து 80-க்கு ஏறும்போதா? ஏர்கான் போட்டிருக்கும்போது மட்டுமா? மெல்ல மெல்ல வந்ததா, ஒரே நாளில் வந்ததா? கடைசியாகச் சொன்ன கேள்வி பெரிய கேள்வி. ஒரே நாளில் வந்தால் ஏதோ கழன்றிருக்கும், உடைந்திருக்கும், அல்லது ஒரு சென்சார் போயிருக்கும். மாதக்கணக்கில் மெல்ல வந்தால் ஏதோ அடைத்துக்கொண்டோ தேய்ந்துகொண்டோ வருகிறது என்று பொருள்.

அப்புறம் ஓர் அளவு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் விரைவுச்சாலை காலியாக இருக்கும். இடது தடத்தில் 40-ல் போய், பின்னால் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முழுக்க மிதித்து 80 வர எத்தனை விநாடி ஆகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கைப்பேசியில் பார்க்கட்டும். மூன்று முறை செய்து எழுதிக்கொள்ளுங்கள். வேக வரம்பைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. பிறகு எதைச் சரிசெய்தாலும் இதே எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். "இப்போ கொஞ்சம் நல்லா இருக்கிற மாதிரி இருக்கு" என்ற உணர்வை நம்பாதீர்கள். பணம் கொடுத்துவிட்டு வந்த அன்று எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும்.

படி 2: ஐந்து நிமிடத்தில் முடியும் சில்லறைச் சோதனைகள்

ஓட்டுநர் பக்கத்து மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். பழைய மிதியடி மேலேயே புதியதை விரித்து வைப்பவர்கள் நிறைய. ஆக்சிலரேட்டர் பெடல் அதில் முட்டி, முழுதும் கீழே போகாமல் நிற்கும். இதைப் படித்துச் சிலர் சிரிக்கலாம், ஆனால் இது அடிக்கடி நடக்கிற விஷயம். ஈக்கோ பொத்தான் அழுத்தியிருக்கிறதா என்று பாருங்கள். டயர் காற்றை, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நிரப்புங்கள். பின்பக்கத்தில் ஆண்டுக்கணக்காகச் சுமக்கும் மூட்டைகளை இறக்குங்கள்.

பெட்ரோல் மூடியின் உட்பக்கமோ கையேடோ 95 என்று சொன்னால் 92 போடாதீர்கள். எஞ்சினில் தட்டல் கேட்டால் கணினி தீப்பொறி நேரத்தைத் தள்ளிப்போடும், வலு குறையும். அதே சமயம், 95 கேட்கும் சாதாரண எஞ்சினுக்கு 98 ஊற்றினால் இல்லாத வலு வந்துவிடாது.

ஏர்கானை அணைத்து ஒரு முறை, போட்டு ஒரு முறை அந்த 40-80 சோதனையைச் செய்யுங்கள். சிறிய வித்தியாசம் இயல்பு. வேறு வண்டி ஓட்டுவதுபோல் பெரிய வித்தியாசம் தெரிந்தால் கம்ப்ரசரையும் அதன் பேரிங்கையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

படி 3: இரண்டு முள்ளையும் சேர்த்துப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். டேஷ்போர்டில் ஆர்பிஎம் முள் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழல்கிறது என்று காட்டுவது), வேக முள் என்று இரண்டு இருக்கின்றன. முழுக்க மிதிக்கும்போது இரண்டும் எப்படி நகர்கின்றன என்பதைப் பக்கத்தில் இருப்பவர் கைப்பேசியில் படம் பிடிக்கட்டும். நீங்கள் சாலையைப் பாருங்கள்.

ஆர்பிஎம் முள் 4,000, 5,000 என்று சட்டென்று ஏறுகிறது, சத்தமும் வருகிறது, ஆனால் வேக முள் சோம்பலாக ஏறுகிறது என்றால், எஞ்சின் வலு கொடுக்கிறது, நடுவில் எங்கோ நழுவுகிறது. கியர்பாக்ஸைச் சந்தேகப்படலாம்.

ஆர்பிஎம் முள்ளே ஏற மறுக்கிறது, 3,000 பக்கம் போய்த் திணறுகிறது என்றால் எஞ்சினுக்கு மூச்சோ, பெட்ரோலோ, தீப்பொறியோ குறைகிறது. கியர்பாக்ஸ்மேல் கை வைக்காதீர்கள்.

இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன, ஆனால் மெதுவாக, எப்போதும் ஒரே மாதிரி கனமாக, காலை எடுத்தால் உடனே வேகம் விழுகிறது என்றால், வண்டியை ஏதோ பிடித்து வைத்திருக்கிறது. அது அடுத்த படியில் தெரியும்.

சிவிடி கியர்பாக்ஸ் (கியர் படிகள் இல்லாமல் சீராக மாறுவது) உள்ள வண்டிகளில் இந்தச் சோதனை கொஞ்சம் குழப்பும். அவற்றில் ஆர்பிஎம் முதலில் ஏறி நின்று, வேகம் பின்னால் வருவது இயல்பு. ரப்பர் பட்டையை இழுத்து விட்டதுபோல இருக்கும். வேகம் சீராக ஏறும்போது ஆர்பிஎம் முள் மட்டும் திடீர் திடீரென்று துள்ளினால்தான் கவலை.

என் வண்டியில் முள் 3,200-ல் நின்றது. அதைப் படம் பிடித்திருந்தால் கியர்பாக்ஸ் பேச்சே எழுந்திருக்காது.

படி 4: சக்கரத்தை யாராவது பிடித்திருக்கிறார்களா?

பதினைந்து நிமிடம், முடிந்தவரை பிரேக்கைக் குறைவாகப் பயன்படுத்தி ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். நான்கு சக்கரங்களின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட நன்றாகச் சூடாக இருந்தால், பிரேக் காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. எரிந்த வாடையும் வரலாம். லேசான சரிவில் நியூட்ரலில் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தானாக உருள்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்குக் காலிப்பர் பின்கள் இறுகுவது சகஜம். சுத்தம் செய்து கிரீஸ் வைத்தாலே பல வண்டிகள் விட்டுவிடும். பழைய வண்டிகளில் கைப்பிரேக் கேபிள் முழுதாகத் திரும்பாமல் நிற்பதும் உண்டு.

இது பாதுகாப்பு விஷயம். சூடு தெரிந்தால் மற்ற படிகளுக்குப் போகாமல் முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

படி 5: ஸ்கேனர் சொல்வதைக் கேளுங்கள், குறியீட்டோடு நிறுத்தாதீர்கள்

ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கணினியோடு பேச உதவும் ஓபிடி பிளக் இருக்கும். அதில் செருகும் சிறிய புளூடூத் கருவியும் கைப்பேசிச் செயலியும் இருந்தால் போதும். சில பத்து வெள்ளிக்குள் கிடைக்கும். ஜப்பானிலிருந்து பேரலல் இம்போர்ட்டாக (அதிகாரபூர்வ முகவர் வழியாக இல்லாமல்) வந்த சில பழைய வண்டிகளோடு சாதாரணக் கருவி பேசாது. அப்போது வொர்க்‌ஷாப் ஸ்கேனர்தான் வழி.

பலர் செய்வது என்ன? கருவி காட்டும் பழுதுக் குறியீட்டைப் படிப்பார்கள், அதில் பெயர் வந்த சென்சாரை மாற்றுவார்கள். குறியீடு என்பது அக்கம்பக்கத்தார் சொல்லும் தகவல் மாதிரி. தெருவைக் காட்டும், வீட்டைக் காட்டாது. பி0171 என்றால் "கலவையில் பெட்ரோல் குறைவு" என்று மட்டும் அர்த்தம். காற்று ஒழுகுவதாலும் வரும், பம்ப் தளர்ந்ததாலும் வரும். பி0300 முதல் பி0304 வரை மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது. கடைசி எண் எந்த சிலிண்டர் என்று சொல்லும். 0 என்றால் ஒன்றில் மட்டும் என்று சொல்ல முடியாதபடி பல சிலிண்டர்களில். பி0420 வந்தால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) பக்கம் கவனம் போகட்டும், ஆனால் அடைப்பு என்று அது சொல்லவில்லை.

எஞ்சின் விளக்கு நின்று எரிந்தால் விரைவில் பார்க்க வேண்டும். அது மினுக்கினால் இப்போதே காலை எடுக்க வேண்டும். மினுக்குகிற விளக்கு என்றால் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய்க்கொண்டிருக்கிறது. இந்த வாக்கியத்தை நினைவில் வையுங்கள், பிறகு திரும்ப வரும்.

குறியீடே இல்லாவிட்டாலும் ஓடும்போது வரும் எண்கள் நிறையப் பேசும். ஃபியூவல் டிரிம் என்று இரண்டு எண்கள், குறுகிய காலம், நீண்ட காலம் என்று இருக்கும். எஞ்சின் கணினி தன் கணக்கை எவ்வளவு திருத்திக்கொள்கிறது என்பதன் விழுக்காடு அது. பூஜ்யத்தைச் சுற்றிக் கூட்டியோ குறைத்தோ 10-க்குள் இருந்தால் பொதுவாகச் சரி. நின்ற இடத்தில் எண் உயர்ந்திருந்து, 2,500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் இன்டேக் (எஞ்சினுக்குள் காற்று போகும் வழி) பக்கத்தில் எங்கோ காற்று ஒழுகுகிறது. நின்ற இடத்தில் சரியாக இருந்து, மேட்டில் மிதிக்கும்போது உயர்ந்தால் பெட்ரோல் போதவில்லை, அல்லது மாஸ் ஏர்ஃபுளோ சென்சார் வரும் காற்றைக் குறைத்துக் கணக்கிடுகிறது.

அந்த சென்சார் காட்டும் எண்ணையும் பாருங்கள். விநாடிக்கு எத்தனை கிராம் காற்று எஞ்சினுக்குள் போகிறது என்று காட்டும். 2.4 லிட்டர் எஞ்சின் முழுக்க மிதித்து 5,000 ஆர்பிஎம்மைத் தாண்டும்போது 100 கிராமுக்குமேல் காட்ட வேண்டும். என் வண்டி 62-ல் நின்றது. இங்கேதான் ஒரு நுட்பம். எண் குறைவாக இருந்து டிரிம் உயர்ந்திருந்தால் சென்சார் அழுக்கு, பொய்க் கணக்கு சொல்கிறது. எண் குறைவாக இருந்து டிரிம் சாதாரணமாக இருந்தால் சென்சார் உண்மைதான் சொல்கிறது, எஞ்சினுக்குள் காற்று போகவில்லை. என் டிரிம் இரண்டு, மூன்று விழுக்காடுதான். இந்த இரண்டு எண்களையும் முதல் நாளே சேர்த்துப் பார்த்திருந்தால் ஃபியூவல் பம்ப்புக்குக் கொடுத்த பணம் மிஞ்சியிருக்கும்.

கூலன்ட் சூட்டையும் ஒரு பார்வை பாருங்கள். அரை மணி நேரம் ஓடிய பிறகும் சூடு ஏறாமல் இருந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நிற்கிறது, அல்லது நம் வெயிலுக்கு நல்லது என்று யாரோ அதையே கழற்றிவிட்டிருக்கிறார்கள். எஞ்சின் இன்னும் குளிராக இருப்பதாக நினைத்துக் கணினி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். அப்படிக் கழற்றுவது எஞ்சினுக்குச் செய்யும் தீங்கு. திரும்ப வைக்கச் சொல்லுங்கள்.

படி 6: மூச்சு உள்ளே போகும் வழி

ஏர் ஃபில்டர் பெட்டியை நீங்களே திறக்கலாம், பெரும்பாலும் கிளிப்தான். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஒளி தெரிய வேண்டும். எலி கூடு கட்டிய பெட்டியையும் நான் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் செய்த சோதனைகளில், அடைத்துப்போன ஃபில்டரை மாற்றியதும் இக்காலப் பெட்ரோல் வண்டிகளில் பெட்ரோல் செலவு குறையவில்லை, ஆனால் வேகமெடுக்கும் நேரம் 6 முதல் 11 விழுக்காடு மேம்பட்டது. ஆகவே மாற்றுவது வீண் அல்ல. ஆனால் மேட்டில் 70-ஐத் தாண்டாத வண்டியை இது மட்டும் குணப்படுத்தாது.

ஃபில்டருக்கு அடுத்து வரும் ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள். மடிப்புகளுக்குள் கீறல் ஒளிந்திருக்கும், நேராகப் பார்த்தால் தெரியாது. மாஸ் ஏர்ஃபுளோ சென்சாரை அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். அந்த மெல்லிய கம்பியைத் துணியாலோ பஞ்சாலோ தொட்டால் போய்விடும். உள்ளே போகும் காற்றைத் திறந்து மூடும் திராட்டில் பாடியில் கரி படிந்திருந்தால் சுத்தம் செய்யலாம். பல வண்டிகளில் அதற்குப் பிறகு ஐடிலை (பெடலை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் நிலை) கணினிக்கு மீண்டும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும், அதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டர்போ உள்ள எஸ்யுவி என்றால் இன்டர்கூலர் குழாய்களின் இணைப்புகளைத் தேடுங்கள். கழன்ற ஒரு கிளாம்ப் போதும், காற்று "ஷ்ஷ்" என்று வெளியே போகும், வண்டி பாதி வலுவில் ஓடும்.

படி 7: தீப்பொறியும் பெட்ரோலும்

இரிடியம் பிளக் பொதுவாக 100,000 கிலோமீட்டர் வரை தாங்கும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று முந்தைய உரிமையாளரின் ரசீதில் இல்லையென்றால் கழற்றிப் பார்ப்பதே நல்லது. கழற்றும்போது எந்தப் பிளக் எந்த சிலிண்டரில் இருந்தது என்று வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். நான்கும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கறுத்து எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தால் அந்த சிலிண்டர் ஏதோ சொல்கிறது. காயிலில் சந்தேகம் என்றால் புதியது வாங்கும் முன் அதைப் பக்கத்து சிலிண்டரோடு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஃபயர் குறியீடும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி காயில்தான்.

பெட்ரோல் அழுத்தத்தை கேஜ் வைத்து, வண்டி சுமையில் இருக்கும்போது அளக்க வேண்டும். நின்ற இடத்தில் சரியாகக் காட்டும் பம்ப், மேட்டில் தளர்ந்துவிடும். அளக்காமல் பம்ப் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

படி 8: மூச்சு வெளியே போகும் வழி

நான் கடைசியாகப் போய்ச் சேர்ந்தது ஒரு சிறிய வொர்க்‌ஷாப்புக்கு. அங்கே ஜோகூரிலிருந்து தினமும் வந்து வேலை பார்க்கும் ஓர் அண்ணன். நான் பிளக், பம்ப், கியர்பாக்ஸ் என்று கதை சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். எஞ்சினை ஓடவிட்டு, புகைக்குழாய் முனையில் கையை நீட்டிக் கொஞ்ச நேரம் நின்றார். "தம்பி, கியர்பாக்ஸை இறக்காதீங்க. உங்க வண்டி மூச்சை இழுக்குது, விட முடியல" என்றார்.

பிறகு எஞ்சின் காற்றை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் ஒரு வேக்கம் கேஜை இன்டேக்கில் மாட்டினார். நம் ஊர் கடல் மட்டத்தில் இருப்பதால் நல்ல எஞ்சின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) காட்டும். என்னுடையது 18. "இதைப் பாத்துட்டே இருங்க" என்று ஆர்பிஎம்மை 2,500-ல் பிடித்தார். ஆரோக்கியமான வண்டியில் முள் ஒரு கணம் விழுந்து, திரும்ப ஏறி, பழைய இடத்துக்குப் பக்கத்தில் நிற்கும். என் வண்டியில் முள் 18-க்குத் திரும்பியது, அப்புறம் யாரோ மெல்ல இழுப்பதுபோல் 15, 12 என்று இறங்கி 9-ல் போய் நின்றது. பத்து விநாடிகூட ஆகவில்லை. எட்டு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த விடை அந்த முள்ளில் இருந்தது.

உறுதிசெய்ய, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்த கேஜ் மாட்டினார். ஐடிலில் ஒன்றரை பிஎஸ்ஐக்குள், 2,500-ல் 3 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும். என்னுடையது அதைத் தாண்டி எங்கோ போனது. இந்த இரண்டு சோதனைகளுக்கும் ஒரு மணி நேரம்கூட ஆகாது. உங்கள் வண்டி குறைந்த ஆர்பிஎம்மில் பரவாயில்லாமல் இருந்து, மேலே போகப் போகத் திணறினால், கியர்பாக்ஸ் பற்றி யார் பேசினாலும் முதலில் இதைக் கேளுங்கள்.

கன்வெர்ட்டரைக் கழற்றிய பிறகு உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். தேன்கூடு போலச் சிறு சிறு துளைகளோடு இருக்க வேண்டிய பீங்கான், பனங்கற்கண்டு உருகி ஒட்டிக்கொண்டதுபோல் கட்டியாக இருந்தது. "இது தானா அடைக்காது. இதுக்கு முன்னாடி விளக்கு மினுக்குச்சா?" என்று கேட்டார். மினுக்கியது. ஒரு காயில் போய்க்கொண்டிருந்த காலத்தில், மழை நாட்களில் மினுக்கும், பிறகு அணையும். நின்றுவிட்டது என்று நான் விட்டுவிட்டேன். அந்த மாதங்களில் எரியாத பெட்ரோல் உள்ளே போய் எரிந்து பீங்கானை உருக்கியிருக்கிறது. ஆகவே கன்வெர்ட்டர் மாற்றும் முன் அது ஏன் போனது என்பதற்கு விடை வேண்டும். மிஸ்ஃபயரோ, எஞ்சின் ஆயில் எரிவதோ தொடர்ந்தால் புதியதும் அதே வழியில் போகும்.

உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிட்டு வெறும் கூட்டைத் திரும்ப மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது சட்டப்படி செல்லாது. பத்து ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு, அங்கே புகை அளவில் மாட்டிக்கொள்ளும். நாம் எல்லோரும் சுவாசிக்கும் காற்று என்பது அதைவிடப் பெரிய காரணம். இன்னொன்று, பழைய கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கின்றன, அதற்கு விலை உண்டு. பழையதை அவர்களே எடுத்துக்கொள்வதானால் ரசீதில் கழித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இந்த 2,500 ஆர்பிஎம் சோதனையை வீவக கார் நிறுத்துமிடத்தில் செய்யாதீர்கள். நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம், மூடிய இடத்தில் புகை ஆளையே கொல்லும்.

படி 9: இதுவரை எல்லாம் சரியாக இருந்தால்

எஞ்சினின் உள்ளே போக வேண்டியதுதான். கம்ப்ரஷன் சோதனையில் நான்கு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பதைப் பாருங்கள். ஒன்று தாழ்ந்திருந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளப்பார்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு. டைமிங் செயின் நீண்டிருந்தால் பி0016 போன்ற குறியீடு வரும், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது சில விநாடி சரசரவென்று சத்தம் கேட்கும். ஆயிலை நேரத்துக்கு மாற்றாத வண்டிகளில் வால்வு டைமிங்கைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டின் வலை அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்வது சின்ன வேலை, ஆகவே செயினைத் தொடும் முன் அதைக் கேளுங்கள்.

படி 10: கியர்பாக்ஸ்தான் என்றால்

படி 3-ல் ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாத வண்டிகளுக்கு மட்டும் இது. கியர்பாக்ஸ் ஆயில் சிவப்பாகவோ லேசான பழுப்பாகவோ இருக்கலாம். கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு, கிளம்பும்போது மிகவும் கனமாக இருந்தால் அது தன்னைக் காத்துக்கொள்ளும் நிலைக்குப் போயிருக்கலாம். காரணம் சில சமயம் ஒரு சென்சாரோ வயரோதான். ஸ்கேனரில் கியர்பாக்ஸ் பகுதியைத் தனியாகப் படிக்கச் சொல்லுங்கள். 200,000 கிலோமீட்டர் வரை மாற்றாத ஆயிலை இயந்திரம் வைத்து அழுத்தி மாற்றுவதை நான் விரும்புவதில்லை. வடித்து ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி வடித்து ஊற்றுவது மென்மையான வழி. சிவிடிக்கு அதற்கென்று குறித்த ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்ற விடாதீர்கள்.

எவ்வளவு செலவழிக்கலாம்?

வேறு நாட்டில் இந்தக் கேள்விக்கு வண்டியின் நிலைதான் விடை. இங்கே சிஓஇதான் விடை. ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்த வண்டியை மறுபடி புதுப்பிக்க முடியாது, காலம் முடிந்ததும் பதிவை நீக்கியாக வேண்டும். பத்து ஆண்டுக்குப் புதுப்பித்திருந்தால் மீண்டும் புதுப்பிக்கலாம். சாலை வரியிலும் பத்து ஆண்டைத் தாண்டியதும் 10 விழுக்காட்டில் தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு ஏறி 50 விழுக்காடு வரை கூடுதல் கட்டணம் உண்டு. ஆகவே மிச்சமிருக்கும் மாதங்களால் செலவை வகுத்துப் பாருங்கள். மூன்று ஆண்டு மிச்சம் இருக்கும்போது நல்ல கன்வெர்ட்டர் போட்டேன், வருத்தமில்லை. எட்டு மாதம் மட்டும் இருந்து, கியர்பாக்ஸ் போயிருந்தால் நான் பதிவை நீக்கியிருப்பேன். ஆனால் பிரேக், டயர், ஸ்டீயரிங் விஷயத்தில் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். நாளை பதிவு நீங்கும் வண்டியும் இன்று நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும்.

வொர்க்‌ஷாப்பில் பேசும்போது "பிக்கப் இல்லை" என்று தொடங்காதீர்கள். "சூடான பிறகு, மேட்டில், முழுக்க மிதித்தால் 3,200-க்குமேல் ஆர்பிஎம் ஏறவில்லை, டிரிம் 3, காற்று 62 கிராம், சக்கரம் எதுவும் சூடாகவில்லை" என்று எழுதிய தாளை நீட்டுங்கள். சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ உபியிலோ எங்கே போனாலும், நல்ல மெக்கானிக் அந்தத் தாளைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசுவார். "என்ன சோதனை செய்து இந்த முடிவுக்கு வந்தீர்கள், எண்ணைக் காட்டுங்கள்" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. சோதனைக்கான கூலியைத் தனியாகக் கொடுக்கத் தயங்காதீர்கள். அவர் நேரத்துக்கு நீங்கள் பணம் கொடுத்தால், உதிரிபாகம் விற்றுத்தான் அதை எடுக்க வேண்டும் என்ற நெருக்கடி அவருக்கு இருக்காது. கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

கன்வெர்ட்டர் மாற்றிய அடுத்த ஞாயிறு, மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து அதே சாலையில் 40-80 சோதனையைச் செய்தேன். முன்பு 16 விநாடி. இப்போது 9. அவள் அதைக் கொட்டை எழுத்தில் எழுதி, கீழே தேதியும் ஓடோமீட்டர் எண்ணும் போட்டாள். அந்தத் தாள் டேஷ்போர்டுப் பெட்டியில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதற்குக் கீழே ஒரு வரி சேர்க்கிறோம். எண் 10-ஐத் தாண்டினால் படி 1-க்குத் திரும்புவோம்.